இரவல் பெயர்

எங்கள் பக்கம் அதைக் கருவை என்றுதான் சொல்வோம். கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவே எந்தத் திசையில் திரும்பினாலும் அதுவே நிற்பதால் கூடுதல் அடையாளம் தேவைப்பட்டதில்லை. வேலியோரம் நின்றால் வேலிக்கருவை. சில ஊர்களில் வேலிக்காத்தான். மேடையிலும் செய்தித்தாளிலும் சீமைக் கருவேலம். அம்மா உலை வைத்தது அதன் விறகில். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அதன் முள். குதிகாலில் ஏறிய முள் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டால் எருக்கம்பால் வைத்துவிட்டு இரண்டு நாள் நொண்டி நடப்போம். கருவமுள் ஏறிய கடுப்பு வேறெந்த முள்ளுக்கும் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கருவை கருவேலமே இல்லை என்பது மட்டும் தெரியாது. எனக்கும் தாவரவியல் வகுப்பில் இரண்டு கிளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து. ஊசியால் பிரித்தால் ஒவ்வொரு சிறு பூவிலும் எண்ணி மாளாத மகரந்தத் தாள்கள். சீமைக்காரனின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர். ஒரு பூவுக்குப் பத்தே தாள்கள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கருவேலங்காய் மணி கோத்த மாலைபோல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். இதன் காயோ பழுத்தால் வைக்கோல் நிறத்தில், சற்றே வளைந்த பட்டையாக, வாயில் போட்டால் இனிக்கும். இரண்டுக்கும் முள் உண்டு, இரண்டும் பொட்டலில் நிற்கும். அது போதும் என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. முன்னால் ஒரு ‘சீமை’ சேர்த்ததில், வெளியிலிருந்து வந்தது என்ற நினைவாவது மிஞ்சியது.

இப்படி இன்னொரு செடியின் பெயரை வாங்கிப் போட்டுக்கொள்வது இந்த மரத்துக்குப் புதிதல்ல. போன நாடெல்லாம் அப்படித்தான். தன் சொந்தப் பெயரோடு அது இருந்தது பிறந்த மண்ணில் மட்டும். மெக்சிகோவின் நாவாட்டில் மொழிக்காரர்கள் இந்தக் குடும்பத்து மரங்களை மிஸ்கிட்ல் என்றார்கள். அதுவே ஸ்பானியர் வாயில் மெஸ்கீத்தே ஆகி, ஆங்கிலத்தில் மெஸ்கீட் ஆனது. தெற்கே பெரு, சிலி, அர்ஜென்டினா பக்கம் போன ஸ்பானியர்களுக்கு அதன் இனிப்புக் காயைப் பார்த்ததும் சொந்த ஊர் கரோப் மரத்தின் நினைவு வந்தது. கரோபுக்கு அவர்கள் மொழியில் அல்கரோபோ. அரபியிலிருந்து அவர்களே இரவல் வாங்கிய சொல் அது. அதைத் தூக்கி அமெரிக்க மரத்துக்குச் சூட்டினார்கள். இன்றும் பெருவில் அல்கரோபோதான், காயைக் காய்ச்சி எடுக்கும் கரும்பாகுக்கு அல்கரோபினா. அங்கே இந்தக் குடும்பத்து மரத்தை யாரும் திட்டுவதில்லை. பாலைவனத்தில் நிழலும் சோறும் விறகும் தருகிற மரம்.

ஐரோப்பியத் தாவரவியலாளர் கைக்கு நம் மரம் வந்தது ஜமைக்காவில். ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு இளைஞர் 1780-களில் கரீபியன் தீவுகளில் செடி சேகரித்துத் திரும்பி, 1788-ல் மிமோசா ஜூலிஃப்ளோரா என்று பெயரிட்டார். ஜூலிஃப்ளோரா என்றால் கதிர்ப்பூ கொண்டது. அந்தப் பாதி இன்றுவரை மாறவில்லை. முன்பாதியான மிமோசா, தொட்டாற்சுருங்கியின் பேரினம். அந்தக் காலத்தில் இறகுபோன்ற இலையும் குஞ்சம்போன்ற பூவும் உள்ள எதையும் அந்தக் கூடையில்தான் போட்டார்கள். ஆக, தாவரவியல் தந்த முதல் பெயரும் இரவல்.

இரண்டாவது பெயரில்தான் நம்மூர் வருகிறது. வன்னி மரத்தை நமக்குத் தெரியும். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலமரம். விஜயதசமி அன்று சாமி அம்பு போடும் மரம். பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்ததாகப் பாரதம் சொல்லும் மரம். இந்தியாவிலிருந்து போன அந்த வன்னியை வைத்துத்தான் 1767-ல் லின்னேயஸ் புரோசோபிஸ் என்ற பேரினத்தையே உண்டாக்கினார். புரோசோபிஸ் ஸ்பைசிஜெரா என்று வைத்தார். நம் சித்த மருத்துவப் புத்தகங்களில் இன்னும் அந்தப் பழைய பெயர் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அதே வன்னிக்கு அவரே 1753-ல் மிமோசா சினெரேரியா என்று வேறொரு பெயர் வைத்திருந்ததால், முந்தியதற்கே முன்னுரிமை என்ற விதிப்படி இப்போது புரோசோபிஸ் சினெரேரியா. இதில் ஒரு வேடிக்கை, புரோசோபிஸ் என்ற கிரேக்கச் சொல் அதற்கு முன் பர்டாக் என்னும் ஒரு முள்தலைக் களைச்செடியைக் குறித்ததாம். வன்னிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1825-ல் ஜெனீவாவின் டி கண்டோல், ஸ்வார்ட்ஸின் மரத்தை மிமோசாவிலிருந்து எடுத்து வன்னியின் வீட்டில் குடிவைத்தார். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று நாம் பள்ளியில் படித்த பெயர் அப்படி வந்தது. பத்துத் தாள், கதிர்ப்பூ, வெடிக்காத காய் என்று பார்த்தால் அந்த முடிவு நியாயமானதுதான். வன்னி வீட்டுக்காரர், ஜூலிஃப்ளோரா வாடகைக்கு வந்தவர். இருநூறு வருஷம் போல அந்த ஏற்பாடு நீடித்தது. பிறகு எப்படிக் கலைந்தது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கிறுக்கரை அறிமுகப்படுத்த வேண்டும்.

கான்ஸ்டன்டைன் சாமுவேல் ரஃபினெஸ்க், 1783-ல் கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்து அமெரிக்காவில் அலைந்தவர். கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் வைத்தே தீருவார். செடிகளுக்கு மட்டும் 6,000-க்கும் மேல் பெயர் வைத்தார். பறவை ஓவியர் ஆடுபான் வீட்டில் இவர் விருந்தாளியாகத் தங்கியபோது, இரவில் அறைக்குள் வௌவால் புகுந்துவிட்டதாம். புதுவகை வௌவாலைப் பிடிக்கிறேன் என்று ஆடுபானின் வயலினையே தூக்கி விளாசி உடைத்துவிட்டார் என்று ஆடுபான் பின்னாளில் எழுதினார். இல்லாத மீன்களை இருப்பதாகச் சொல்லி ஆடுபான் அவரை ஏமாற்றியதும் உண்டு. ரஃபினெஸ்க் அதையும் நம்பி, அந்த மீன்களுக்கும் பெயர் வைத்து அச்சில் ஏற்றினார். சக விஞ்ஞானிகள் அவர் எழுதியதைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். இந்த மனிதர் 1838-ல், ஜூலிஃப்ளோராவை வன்னியோடு சேர்க்கக் கூடாது, தனிப் பேரினம் என்று பிரித்து, நெல்டுமா என்று ஒரு பெயர் வைத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1840-ல் வறுமையில் செத்துப்போனார்.

இதற்கிடையே மரம் கப்பலேறத் தொடங்கியிருந்தது. 1828-ல் அலெக்சிஸ் பாச்சலோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஹோனலூலுவில் தேவாலயத்தின் பக்கத்தில் ஒரு விதை ஊன்றினார். அது ஜூலிஃப்ளோரா இல்லை, அதன் பங்காளியான பாலிடா. ஹவாய்த் தீவுகளில் கியாவே என்ற பெயரில் காடு காடாகப் பெருகிவிட்டது.

சென்னை மாகாணத்துக்கு வந்த கதை அரசாங்கக் கோப்பில் தொடங்குகிறது. ரிச்சர்ட் ஹென்றி பெடோம் அப்போது மாகாணத்தின் வனத்துறையில் உயர் அதிகாரி. தென்னிந்திய மரங்களைப் படம் வரைந்து தொகுத்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்புக்கும் தவளைக்கும் இன்றும் அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. வறண்ட மாவட்டங்களில் விறகுக்கு வழி தேடிக்கொண்டிருந்த அவர், 1876-ல் வருவாய்த் துறைச் செயலருக்கு எழுதி இந்த விதையைத் தருவிக்கக் கேட்டார். அது தாது வருஷம். பஞ்சத்துக்கு இன்றும் உவமையாகச் சொல்கிற வருஷம். மறு ஆண்டு, 1877-ல், கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம் பக்கம் விதை விழுந்தது. அடுத்த ஆண்டு சிந்துவில். எங்கள் ஊரில் இதைக் காமராஜர் காலத்தில் விமானத்திலிருந்து தூவினார்கள் என்பார்கள். அந்தக் காலத்தில் விறகுக்கும் வேலிக்கும் நட்டது உண்டுதான். ஆனால் மாகாணத்தில் மரம் காலூன்றியது காமராஜர் பிறப்பதற்கு 26 வருஷம் முன்பே.

வடக்கே போன கிளைக்கதை இன்னும் பகட்டானது. ஜோத்பூர் சமஸ்தானத்தில் 1940-ல் இதை ராஜ மரமாக அறிவித்தார்கள். காக்க வேண்டும் என்று குடிகளுக்கு உத்தரவு. அதே ராஜஸ்தானத்தில்தான் வன்னி கேஜ்ரி என்ற பெயரில் தெய்வமாக நிற்கிறது. அதை வெட்டவந்தவர்களைத் தடுத்து 1730-ல் கேஜட்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். புதிதாக வந்தவருக்கு அங்கே விலாயதி பபூல், சில இடங்களில் விலாயதி கேஜ்ரி. பபூல் என்றால் கருவேலம், கேஜ்ரி என்றால் வன்னி. ஒரே ஊரில் இரண்டு மரங்களின் பெயரை இரவல் வாங்கியிருக்கிறது. குஜராத்தில் 1961-ல், உப்புப் பாலை முன்னேறாமலிருக்கப் பன்னிப் புல்வெளியின் ஓரத்தில் வனத்துறை 31,000 ஹெக்டேருக்கு மேல் நட்டது. பாலையைத் தடுத்ததோ இல்லையோ, மரம் புல்வெளிக்குள் நடந்துவிட்டது. எருமை மேய்ப்பவர்கள் வைத்த பெயர் காண்டோ பாவல், அதாவது பைத்தியக் கருவேலம். எனக்குத் தெரிந்து ஆகப் பொருத்தமான அடைமொழி அதுதான்.

நடந்துவிட்டது என்று சும்மா சொல்லவில்லை. நான்கு காலில்தான் நடந்தது. காயின் சதை சர்க்கரை. உள்ளே ஒவ்வொரு விதையும் தோல்போன்ற கெட்டி உறைக்குள், அதற்குள்ளும் நீர் புகாத விதைத்தோல். சும்மா மண்ணில் விழுந்தால் பல விதைகள் ஊறுவதற்கே வருஷக்கணக்கில் ஆகும். மாடு தின்றால் சதை செரித்துவிடும், உறை இளகிவிடும், விதை மட்டும் முழுசாகச் சாணியோடு வந்து விழும். ஈரமும் எருவும் கலந்த நாற்றங்கால், தாய்மரத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி. மழைக்குப் பிறகு மேய்ச்சல் தரையில் காய்ந்த வரட்டியைப் புரட்டினால் அடியில் கொத்தாக முளை நிற்கும். மிச்சத்தை ஓடைத்தண்ணீர் பார்த்துக்கொள்ளும். காய் மிதந்து கண்மாய்க்குள் போகும், கண்மாய் வற்றியதும் கரையிலும் நடுவிலும் முளைக்கும்.

வெள்ளாடு இலையைக் கடிக்காது. இலையில் கசப்பான ஆல்கலாய்டுகள். எளிய தந்திரம்தான். இலையைக் கொடுக்காதே, காயைக் கொடு. மேய்கிற வாயைக் கூலியில்லாத விதைப்பாளனாக்கு. உதிர்ந்த இலைச்சருகிலும் பிற விதைகளின் முளைப்பை மட்டுப்படுத்தும் பொருள்கள் உண்டு. வேரில் நைட்ரஜன் பிடிக்கும் முடிச்சுகள். உப்பு மண்ணோ களரோ பொருட்டில்லை. வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஏழெட்டுப் போத்து கிளம்பும், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஒரு புதர். மண்ணுக்குள் அடித்தண்டில் தூங்கும் மொட்டுகளையும் சேர்த்துத் தூரோடு பறித்தால் ஒழிய அது சாகாது. பொக்லைன் வைத்துத் தோண்டாமல் வாள் வைத்து அறுத்துவிட்டு, ஒழித்தோம் என்று படம் எடுத்துக்கொண்டவர்கள் மறு வருஷம் அங்கே போய்ப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

வெட்டத் தழைவது என்பதே எங்கள் பக்கத்துப் பிழைப்பு. மழை பொய்த்த வயலைக் கருவைக்கு விட்டுவிட்டு, மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுக்கு விடுவார்கள். வெட்டுகிறவர் இடது கையில் கவைக்கம்பு, வலது கையில் அரிவாள். கவையால் முள்கிளையை நெட்டித் தள்ளிப் பிடித்து அடியில் ஒரே போடு. முள் மேலே படாமல் வெட்டுவது பழக்கத்தில் வருவது. பெருவிறகு தனியாக, மாறு தனியாக, தோண்டிய தூர் தனியாக. பிறகு மூட்டம். கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, குழைத்த மண்ணால் மெழுகி, ஒரு துவாரம் வழியாகத் தீ வைப்பார்கள். எரியவிடக் கூடாது, புழுங்கவிட வேண்டும். முதலில் வெள்ளையாக வரும் புகை கட்டையின் ஈரம். அது மெலிந்து நீலம் பாரித்தால் கரி பிடிக்கிறது என்று கணக்கு. மண் எங்காவது வெடித்தால் உள்ளே காற்றுப் போய் மொத்தமும் சாம்பல். அதனால் மூட்டக்காரருக்கு ஒரு வாரம் தூக்கம் கிடையாது. தென்தமிழ்நாட்டின் டீக்கடை, இஸ்திரிப்பெட்டி முதல் பெரிய ஊர் ஓட்டல் அடுப்பு வரை இந்தக் கரி போயிருக்கிறது. விவசாயம் கைவிட்ட பிறகும் ஊரைக் காலி செய்யாமல் பல குடும்பங்களை நிறுத்திவைத்தது இது. ‘கருவையால்தான் விவசாயம் போச்சு’ என்பவரும் ‘விவசாயம் போனதால்தான் கருவை வந்துச்சு’ என்பவரும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டாமவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். உழுகிற நிலத்தில் கருவை முளைத்துப் பார்த்ததில்லை.

பெயர்க் குழப்பம் பேச்சு வழக்கோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அது அறிவியலுக்குள்ளும் புகுந்து, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கும் நீதிமன்றத்துக்கும் வந்தது. புரோசோபிஸ் இனங்கள் ஒன்றோடொன்று எளிதாகக் கலக்கும். இலை அளவும் முள் அளவும் மண்ணுக்கு ஏற்ப மாறும். நம்முடையதைச் சிலி நாட்டுச் சிற்றினம் என்று எழுதிய இந்திய நூல்கள் உண்டு. ஜூலிஃப்ளோராவும் பாலிடாவும் உலர்தாள் மாதிரியில் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரிக்க உதவியது உயிரணுவுக்குள் எண்ணிப் பார்த்ததுதான். பாலிடாவுக்கும் பெரும்பாலான பங்காளிகளுக்கும் 28 குரோமோசோம்கள், ஜூலிஃப்ளோராவுக்கு அதன் இரட்டிப்பாக 56.

அமெரிக்காவில் குழப்பம் வேறு விதம். 1960-களின் தொடக்கம் வரை டெக்சஸ், அரிசோனா மெஸ்கீட்டுகளை எல்லாம் ஜூலிஃப்ளோராவின் வகைகள் என்றே பலர் எழுதினார்கள். 1962-ல் ஜான்ஸ்டன் என்பவர் அவற்றைப் பிரித்து, டெக்சஸ்காரருக்குக் கிளாண்டுலோசா, அரிசோனாக்காரருக்கு வெலுட்டினா என்று தனித்தனிச் சிற்றினத் தகுதியை நிலைநாட்டினார். அடுத்த ஆண்டு ஒரு குறிப்பு அச்சானது. அரிசோனாவின் டூசான் அருகே திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில் மெஸ்கீட் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. எழுதியவர் பழைய வழக்கப்படி ஜூலிஃப்ளோரா என்று போட்டுவிட்டார். டூசானில் வளர்வது வெலுட்டினா. அந்த 53 மீட்டர், அதாவது 175 அடி, இன்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு மேடையிலும் முழங்குகிற ‘கருவேல வேர் 175 அடி போய் நிலத்தடி நீரை உறிஞ்சும்’ என்ற வசனம். நம் மரத்தின் வேரும் ஆழம் போகிற வேர்தான், நீரும் குடிக்கிறதுதான். ஆனால் அந்த எண் இன்னொரு மரத்துடையது. இன்னொன்று: உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இது இருக்கிறது என்பார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் இருப்பது கிளாண்டுலோசா. பெயரை இரவல் வாங்கியே பழகிய மரம், பங்காளிகளின் பழியையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

சொந்தப் பழிக்குக் குறைவில்லை. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் காயையே முழுத்தீவனமாகத் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு செத்து முகம் கோணியது. அங்கே அந்த நோய்க்குப் பெயரே கோணமுகம். கென்யாவில் பாரிங்கோ ஏரிக்கரை மக்கள், மரத்தைக் கொண்டுவந்து நட்டதற்காக 2006-ல் அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். சர்க்கரைக் காயைத் தின்று தின்று பல்லெல்லாம் கொட்டிப்போன ஆடு ஒன்றைச் சாட்சியாக நைரோபி நீதிமன்றத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நம் வழக்கில் ஆடு இல்லை. வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் தென்மாவட்டங்களில் இதை அகற்றக் கெடு விதித்தது. ஆங்காங்கே கட்சிக்காரர்களும் மாணவர்களும் அரிவாளோடு இறங்கினார்கள். செல்பேசிகளில் செய்திகள் பறந்தன: காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், கரியமிலவாயுவை மட்டுமே வெளியிடும், இதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது, பறவை கூடு கட்டாது. கொக்குகள் இதில் கூடு கட்டியிருப்பதை நான் கண்மாய்க்குள் நின்று பார்த்திருக்கிறேன். எனக்குக் கவலை வேறு. கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலமும் நிற்கும், நாரைகளுக்கு அதுதான் பழைய வீடு. வெட்டவந்த எத்தனை பேருக்குப் பந்துப்பூவுக்கும் கதிர்ப்பூவுக்கும் வித்தியாசம் தெரியும்? பெயரில் கருவேலம் என்று இருக்கிறதே. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் தலைமை அமர்வு வெட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. அதிலும் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா முக்கியமான குற்றவாளி.

அதே 2022-ல்தான் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்ற பெயரே காலாவதியானது.

வன்னி வீட்டில் வாடகைக்கு இருந்த கதைக்கு வருகிறேன். அர்ஜென்டினாவின் அர்துரோ புர்கார்ட் தன் வாழ்நாள் உழைப்பாக இந்தப் பேரினத்தை ஆராய்ந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1976-ல், அந்த ஆய்வு வெளியானது. 44 சிற்றினங்கள், ஐந்து பிரிவுகள். பிரிவுகளைப் பிரிக்க அவர் கவனித்தவற்றில் முதன்மையானது, காலில் ஏறுகிற அதே முள். முள் எங்கிருந்து முளைக்கிறது என்பதுதான் கேள்வி. வன்னியின் முள் ரோஜாவின் முள்போலத் தோலிலிருந்து வருவது. கணுவுக்குக் கணு நடுவே கண்டபடி சிதறியிருக்கும். சீமைக்காரனின் முள் இலைக்கக்கத்திலிருந்து வருவது, கிளையாக வேண்டியது முள்ளாகிவிட்டது. திருகாணி போலக் காய் முறுக்கிக்கொள்ளும் இன்னொரு அமெரிக்கக் கூட்டத்தில் இலையடிச் செதிலே முள். ஆப்பிரிக்காவின் ஒரே ஒரு மரத்துக்கு முள்ளே கிடையாது. இத்தனை வேறுபாடு தெரிந்தும் புர்கார்ட் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தார்.

காலின் ஹியூஸ், ஜென்ஸ் ரிங்கல்பெர்க், குவிலிம் லூயிஸ், சாந்தியாகோ கட்டலானோ ஆகிய நால்வர் டி.என்.ஏ. வரிசைகளை வைத்துப் பார்த்தபோது கூரை நிற்கவில்லை. ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்தவர்கள் நான்கு வெவ்வேறு வம்சத்தவர். நான்கு பேரினங்களாகப் பிரித்தார்கள். முள்ளில்லாத ஆப்பிரிக்க மரத்துக்கு ‘நகமில்லாதது’ என்று பொருள்படும் அனோனிக்கியம். திருகுகாய்க்காரர்கள் பத்துக்கும் ஸ்ட்ராம்போகார்ப்பா. மிச்சமிருந்த அமெரிக்கக் கூட்டம், புர்கார்டுக்குப் பிறகு கூடியவற்றையும் சேர்த்து, 43 சிற்றினங்கள், ஜூலிஃப்ளோராவும் அதில்தான். அதற்கு ஒரு பெயர் வேண்டும். விதிப்படி, ஏற்கெனவே அச்சில் இருக்கும் மிகப் பழைய பெயரை எடுக்க வேண்டும். தேடிப்போனால் அங்கே 184 வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது வயலின் உடைத்தவர் வைத்த பெயர். நெல்டுமா ஜூலிஃப்ளோரா.

புரோசோபிஸ் என்ற பெயர் யாருக்கு? லின்னேயஸ் முதலில் எந்த மரத்தை வைத்துப் பெயரிட்டாரோ அதற்குத்தான். வன்னியும் மேற்காசிய உறவினர் இருவரும் மட்டும் இப்போது புரோசோபிஸ். வீடு வீட்டுக்காரருக்கே திரும்பிவிட்டது. கருவேலத்துக்கு இந்த நியாயம் கிடைக்கவில்லை. அக்கேசியா என்ற பேரினத்துக்கு முதல் மாதிரியே நம் கருவேலம்தான், அக்கேசியா நிலோட்டிகா. அந்தப் பேரினத்தைப் பிரிக்க வேண்டி வந்தபோது, ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினம் இருக்கிறதே, அத்தனைக்கும் பெயர் மாற்றுவதா என்று வாதாடி, 2005-ல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் மாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய மரத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2011-ல் மெல்போர்னில் அது உறுதியானது. நம் கருவேலம் இப்போது வச்செல்லியா நிலோட்டிகா. சீமைக் கருவேலத்திடம் தமிழ்ப் பெயரைப் பறிகொடுத்த மரம், ஆஸ்திரேலியாவிடம் லத்தீன் பெயரையும் கொடுத்துவிட்டு நிற்கிறது. எனக்கு அதில் இன்னும் ஆற்றாமைதான்.

போன கோடையில் ஊருக்குப் போனபோது, கண்மாய்க்கரையில் மூட்டத்துக்குக் காவல் இருந்த அண்ணன் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். புகை வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது. முப்பது வருஷமாக மூட்டம் போடுகிறவர். இந்த மரத்துக்கு வெளிநாட்டில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றேன்.

“என்ன தம்பி பேரு?”

“நெல்டுமா.”

“நெல்லா?”

“நெல்லு இல்லண்ணே, நெல்டுமா.”

அவர் எழுந்து, கரைக்குக் கீழே ஒருகாலத்தில் நஞ்சையாக இருந்த பரப்பைப் பார்த்தார். வரப்புகள் மட்டும் தெரிந்தன. வரப்புக்கு வரப்பு நடுவே பச்சையாகக் கருவை.

“நெல்லு வெளஞ்ச எடத்துல பூராம் இதான நிக்கிது. பேரு சரியாத்தான் வச்சிருக்காய்ங்க” என்றார். பிறகு மூட்டத்தின் மேல்பக்கம் மண் கீறல் விட்டிருப்பது கண்ணில் பட, குழைத்து வைத்திருந்த சேற்றை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.